எல்லோரையும் அல்ல, சிலரை மட்டும் பார்த்துப் பாயும் நாய்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது தளத்தில் இருக்கும் ஒரு குடும்பம், ஆறு மாதங்களுக்கு முன் காப்பகத்திலிருந்து ஏறக்குறைய மூன்று வயதுள்ள பெண் நாட்டு நாயைத் தத்தெடுத்து வந்திருக்கிறது. வீட்டுப் பெண்களிடமும் பள்ளிக்குப் போகும் மகளிடமும் அது குழைகிறது. ஆனால் ஹெல்மெட்டோடு வரும் டெலிவரி ஆட்களையும், கையில் தடியோடு நிற்கும் காவலாளியையும், மாதம் இருமுறை வந்துபோகும் கணவரின் அண்ணனையும் கண்டால் பாய்கிறது. சென்ற வாரம் அந்தப் பெரியப்பா சோபாவை விட்டு எழுந்தபோது கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரண்டு பற்குறிகள், லேசான இரத்தக் கசிவு. “கொண்டுபோய்த் திருப்பி விட்டுவிடு” என்கிறார் மாமியார். “நாலு போடு போட்டால் சரியாகிவிடும்” என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். நாயை மல்லாத்திப் போட்டு அழுத்திப் பிடித்து, யார் எஜமானர் என்று காட்டச் சொல்லியிருக்கிறார் ஒரு பயிற்சியாளர். இதில் எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் வேண்டாம் என்பது என் பதில். ஏன் என்பதையும், வேறு என்ன செய்யலாம் என்பதையும் விரிவாகச் சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்லேன். காப்பக நாய்களைச் சில மாதங்கள் வீட்டில் வைத்துப் பழக்கி, தத்தெடுப்பவர்களிடம் அனுப்பும் வேலையைப் பதினெட்டு ஆண்டுகளாகச் செய்து வருகிறவன்.

நாயைப் பற்றிப் பேசுவதற்கு முன் பெரியப்பாவின் காலைப் பற்றிப் பேச வேண்டும். கடித்தது வீட்டு நாய்தான், அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்ற எண்ணத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் விட்டிருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இப்போதே அவரை அனுப்புங்கள். பல் பட்ட காயத்தைக் கடித்த உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அதன்மேல் அப்பக்கூடாது. இரத்தம் கசிந்த கடி மூன்றாம் வகைக் காயம் என்பதால், வெறிநோய் (ரேபிஸ்) தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் பொருள் ஊசியும் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடப்படுகிறது (முதல் ஊசி போடும் நாளே 0). தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28. கடித்த நாளிலிருந்து 10 நாள்கள் நாயைக் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த 10 நாள்கள் கழியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது. வெறிநோய் வந்தபின் அதற்கு மருந்தில்லை.

இனி நாய்க்கு வருகிறேன். நீங்கள் விவரித்திருப்பதில் எனக்குத் தெரிவது கோபமன்று, பயம். பயந்த நாய் ஓடத்தானே செய்யும், பாயுமா என்று நீங்கள் கேட்கலாம். ஓட இடமிருந்தால் ஓடும். கயிற்றில் கட்டி லிஃப்டுக்குள் நிறுத்தியிருக்கும் நாய்க்கும், இருபதுக்குப் பத்தடிக் கூடத்தில் விருந்தாளியோடு விடப்பட்ட நாய்க்கும் ஓட இடமில்லை. எனவே, தான் தள்ளிப்போவதற்குப் பதிலாக எதிரில் நிற்பவரைத் தள்ளிப்போக வைக்கப் பார்க்கிறது. அந்த முயற்சி பலிக்கவும் செய்கிறது என்பதுதான் சிக்கல். டெலிவரிக்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் போனது வேலை முடிந்ததால் என்பது நமக்குத் தெரியும். நாயின் கணக்கில், அது குரைத்ததால் அவர் போனார். ஒரு நாளைக்கு மூன்று பொட்டலம் என்றால் ஆறு மாதத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட முறை இந்தப் பாடம் நடந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் நாய் வென்றிருக்கிறது.

ஏன் சிலரிடம் மட்டும்? இதைக் கேட்டதும் பலர் ஒரு கதையை உண்டாக்கிக்கொள்கிறார்கள்: யாரோ ஓர் ஆண் தடியால் அடித்திருக்க வேண்டும் என்று. அடித்திருக்கலாம். உங்கள் நாயின் காதில் கருத்தடை அடையாள வெட்டு இருக்குமானால், அது ஒரு நாள் தெருவில் ஆள்களால் துரத்திப் பிடிக்கப்பட்டு வண்டியில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது மட்டும் ஏறக்குறைய உறுதி. ஆனால் அடியே வாங்காத நாயும் இப்படி நடந்துகொள்ளும். நாய்க்குட்டி பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 12 அல்லது 14ஆம் வாரம்வரை எதையெல்லாம் அச்சமின்றிப் பார்த்துப் பழகுகிறதோ, அதுவே அதற்கு இயல்பான உலகம். அந்தக் காலத்தைக் காப்பகக் கூண்டிலோ, சோறு வைக்கும் பெண்கள் மட்டுமே வந்துபோன தெருமுனையிலோ கழித்த குட்டிக்கு, முகம் மறைத்த ஹெல்மெட்டும் கனத்த குரலும் வாழ்நாள் முழுதும் புதியவையாகவே தோன்றலாம். எது காரணமாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே என்பதால், துப்பறிவதில் நாளைக் கழிக்க வேண்டாம்.

துப்பறிய வேண்டியது வேறு ஒன்றை. “ஆண்களைப் பிடிக்காது” என்று நாம் சொல்வது பெரும்பாலும் தவறான பொதுமைப்படுத்தல். என்னிடம் சுருளி என்று ஒரு நாய் இருந்தது. சமையல் எரிவாயு உருளை கொண்டுவருபவர், தண்ணீர்க் கேன் போடுபவர், ஊரிலிருந்து வரும் என் மைத்துனர் ஆகிய மூவரையும் கண்டால் அது கம்பிக் கதவில் முட்டிக்கொண்டு குரைக்கும். மூவருக்கும் மீசை என்பதைக் கண்டுபிடித்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தண்ணீர்க்காரர் களைத்துப்போய்க் கேனைத் தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்தார். சுருளியின் குரைப்பு பாதியில் நின்றது. விறைத்திருந்த வால் இறங்கியது, மூக்கு மட்டும் கம்பிக்கிடையே நீண்டது. அவர் மீண்டும் கேனைத் தூக்கித் தோளில் வைத்ததும் பழையபடி குரைப்பு. என் மைத்துனர் இரயிலிலிருந்து இறங்கித் தோளில் மூட்டையோடுதான் வருவார். அந்த நாய்க்குப் பயம் மனிதர்களிடம் இல்லை; தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை முளைத்த உருவத்திடம். ஆகவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, நாய் பாய்ந்த ஒவ்வொரு முறையும் யார், என்ன அணிந்திருந்தார், கையில் என்ன, எவ்வளவு தொலைவு, நேராக வந்தாரா பக்கவாட்டில் போனாரா, அதற்கு முன் அன்று நாய்க்கு வேறு என்ன நடந்தது என்று எழுதுங்கள். இந்தக் கடைசிச் செய்தியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். காலையில் தெருநாய்கள் துரத்தி, நண்பகலில் மேல்தளத்தில் டிரில் ஓடி, மாலையில் பெரியப்பா வந்தால், அது பெரியப்பாவால் மட்டும் வந்த கடி அன்று.

நாயின் உடலைப் படிக்கவும் வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். கடி திடீரென்று வருவதாகத் தோன்றினாலும் அதற்கு முன் பல சிறு வேண்டுகோள்கள் வந்து போயிருக்கும்: முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், பசியில்லாதபோது மூக்கை நக்குதல், தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுதல், ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்றல், கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிதல். இவற்றுக்குப் பலனில்லாதபோது நாய் உறையும். வாய் மூடிக்கொள்ளும், மூச்சுகூட நின்றதுபோல இருக்கும். அந்த ஒரு நொடி உறைவைக் காணத் தெரிந்தவர் பெரும்பாலான கடிகளைத் தவிர்த்துவிடுவார். வாலாட்டுவதை நம்ப வேண்டாம். உயர்ந்து விறைத்துக் குறுகலாக ஆடும் வால் நட்பைக் குறிப்பதில்லை.

உறுமல் இந்த வரிசையில் வருகிற மிக மதிப்புள்ள எச்சரிக்கை. அதைத் திட்டி அடக்கக்கூடாது என்பதை என் பிழையிலிருந்து சொல்கிறேன். தொடக்க காலத்தில் என்னிடம் வந்த ஒரு செவலை நாய் விருந்தாளிகளைப் பார்த்து உறுமும்போதெல்லாம், செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் ஓங்கி அடித்து அதட்டினேன். ஒரே மாதத்தில் உறுமல் நின்றுவிட்டது. பார்ப்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து அதன் தலையைத் தொட்டபோது, ஒரு சத்தமும் இல்லாமல் அவருடைய கையைக் கவ்வியது. பயம் அப்படியேதான் இருந்திருக்கிறது. பயத்தைச் சொல்லும் வழியைத்தான் நான் பிடுங்கியிருக்கிறேன். நாய் உறுமினால் நீங்கள் செய்ய வேண்டியது, பதற்றமில்லாமல் அதை அங்கிருந்து விலக்கிக் கூட்டிப்போவது மட்டுமே.

மல்லாத்திப் போடும் யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், ஸ்விட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதியதிலிருந்து, தலைமைக்குச் சண்டையிடும் ஓநாய்க் கூட்டம் என்ற படிமம் பரவியது. 1970இல் அதை மேலும் பரப்பிய டேவிட் மெக் என்பவரே, காட்டு ஓநாய்களை நேரில் கவனித்தபின், அந்தக் கூட்டம் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதினார். திருத்தம் இன்னும் பல பயிற்சியாளர்களின் காதுக்கு எட்டவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், நடத்தைச் சிக்கலுக்காக நாயை அழைத்து வந்த உரிமையாளர்களிடம் அவர்கள் கையாண்ட முறைகளைக் கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினரும், மல்லாத்திப் போட்டு அழுத்தியவர்களில் 31 விழுக்காட்டினரும், நாய் பதிலுக்கு மூர்க்கம் காட்டியதாகச் சொன்னார்கள். உங்கள் நாயின் கணக்கிலும் இதை வைத்துப் பாருங்கள்: பெரியப்பா வரும்போதெல்லாம் தனக்கு அடி விழுகிறது என்றால், பெரியப்பாவை அது இன்னும் அஞ்சுமா, அன்பு பாராட்டுமா?

பயிற்சிக்கு முன் ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். காதுப் புண், பல் வலி, இடுப்பு மூட்டு வலி, நம் ஊரில் சாதாரணமாகக் காணும் உண்ணிக் காய்ச்சல் ஆகிய எதுவும் நாயின் பொறுமையைக் குறைக்கும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று மாறினால் வலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மனிதர்களுக்கான வலி மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு நஞ்சாகலாம்.

அடுத்து, அந்த ஐந்நூறு வெற்றிகள் அறுநூறு ஆகாமல் தடுக்க வேண்டும். இது பயிற்சி அன்று, ஏற்பாடு. ஆனால் இது இல்லாமல் பயிற்சி எதுவும் நிற்காது. பொட்டலங்களைக் கீழே காவலாளி அறையில் வைக்கச் சொல்லுங்கள், அல்லது மணியை அடிக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போகும்படி எழுதி ஒட்டுங்கள். வாசல் கதவுக்கும் கூடத்துக்கும் இடையே குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்று இருந்தால், கதவைத் திறக்கும் கணத்தில் நாய் காலுக்கிடையே நழுவி ஓடாது. லிஃப்டைச் சில மாதங்கள் மறந்துவிடுங்கள். இரண்டு மாடிதான், படியில் இறங்கினால் எதிரே ஆள் வந்தாலும் திரும்பி ஏற வழியிருக்கும். நடைக்கு விடியற்காலையும் இரவு பத்து மணிக்கு மேலும் நல்ல நேரம். வெயிலும் இல்லை, ஹெல்மெட்டும் குறைவு. மார்புப்பட்டை ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டையும் இணைத்து ஆறடிக் கயிறு. இழுத்தால் நீளும் சக்கரக் கயிறு வேண்டாம். யாரையாவது கண்டதும் நம் கை தானாகக் கயிற்றை இறுக்குகிறது. அந்த இறுக்கமே நாய்க்கு ‘ஆபத்து’ என்ற செய்தியாகப் போய்ச் சேர்கிறது என்பதைக் கவனித்து, கையைத் தளர்த்திக்கொண்டு திரும்பி நடக்கப் பழகுங்கள்.

இப்போது மையமான வேலை. இதில் மருந்து தொலைவு, அந்த மருந்தோடு கொடுக்கும் அனுபானம் கோழி. காவலாளியைக் கண்டும் நாய் குரைக்காமல், உறையாமல், கொடுத்ததைத் தின்னக்கூடிய தொலைவு எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது இருபது மீட்டராக இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம். கொடுத்த துண்டைத் துப்பினாலோ, விரலோடு சேர்த்து வெடுக்கென்று பிடுங்கினாலோ அந்த இடம் நாய்க்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள், இன்னும் பின்வாங்குங்கள். வேகவைத்து எலும்பு நீக்கிய கோழியையோ ஈரலையோ கடலைப் பருப்பளவு துண்டுகளாக்கி இடுப்புப் பையில் வைத்திருங்கள். வெங்காயம், மசாலா சேர்த்தது வேண்டாம். காவலாளி கண்ணில் படுகிறார். நாய் அவரைப் பார்க்கிறது. ஒரு நொடி கழித்து ஒரு துண்டு. அவர் தெரியும்வரை துண்டு துண்டாக வந்துகொண்டே இருக்கும். அவர் தூணுக்குப் பின்னால் மறைந்ததும் கோழியும் நின்றுவிடும். இந்த முறைவரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. ஆளைக் காட்டுமுன்பே பையைத் திறந்து கோழியை நீட்டினால், ‘கோழி வந்தால் அந்த ஆளும் வரப்போகிறான்’ என்று நாய் கற்று, கோழியைக் கண்டே மிரளத் தொடங்கும். மணியோசையைக் கேட்டே நாய்க்கு எச்சில் ஊறும் என்ற பாவ்லோவின் பாடத்தை எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். மணி முன்னால், உணவு பின்னால் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

குரைக்கும் நாய்க்குத் தீனி கொடுத்தால் குரைப்பதற்குப் பரிசு கொடுத்ததாகாதா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். குரைக்காத தொலைவில்தான் தொடங்குகிறோம் என்பது ஒரு பதில். தவறிப்போய் அது குரைத்துவிட்டாலும், கோழி தின்பதால் பயம் வளராது என்பது இன்னொரு பதில். ஆளைக் கண்டால் நல்லது நடக்கிறது என்ற உணர்வுதான் வேர்விடுகிறது.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. சில வாரங்களில் நாய் காவலாளியைப் பார்த்துவிட்டு, நீங்கள் கூப்பிடாமலே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்: ‘அதோ அவர், எங்கே கோழி?’ என்பதுபோல. அந்தத் திரும்பல் பத்துக்கு எட்டு முறை நடக்கும்வரை இடத்தை மாற்றாதீர்கள். பிறகு ஒரு மீட்டர் முன்னேறலாம். அவசரப்பட்டு ஐந்து மீட்டர் தாவியவர்கள் எல்லோரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தீபாவளியை ஒட்டிய நாள்களில் பயிற்சியே வேண்டாம். வெடிச்சத்தத்தில் அரண்டிருக்கும் நாய்க்கு வழக்கமான தொலைவுகூட மிக அருகிலாகிவிடும்.

காவலாளியையும் தடியையும், டெலிவரிக்காரரையும் ஹெல்மெட்டையும் பிரித்துக் கற்பிக்கலாம் என்பது அடுக்குமாடி வீட்டில் மிகப் பயன்படும் உத்தி. ஹெல்மெட்டை முதலில் கூடத்துத் தரையில் வைத்து, அதைச் சுற்றி ஈரல் துண்டுகளைப் போட்டுவிட்டு நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். நாய் கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால்களைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு துண்டை எடுக்கும். பின்னங்கால்களும் முன்னால் வந்து, தளர்ந்து நின்று தின்னும் நாள்வரை அதே இடத்தில், அதே ஹெல்மெட். அடுத்து அது உங்கள் மடியில், பிறகு உங்கள் தலையில், கண்ணாடியைத் திறந்தபடி, பிறகு மூடியபடி. நாய்க்கு மிகப் பிடித்தவர் முதலில் அணிய வேண்டும், கணவர் அடுத்து. கணவர் வாசலுக்கு வெளியே போய் ஹெல்மெட்டோடு உள்ளே வருவது அதற்கும் அடுத்து. தடிக்கும் இதே வரிசை. சுருளிக்கு நான் காலித் தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு கூடத்தில் உலாவியதைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. ஏழு மாதம் ஆயிற்று. அதன்பின் தண்ணீர்க்காரரின் செருப்புச் சத்தம் படியில் கேட்டாலே, சுருளி கதவுக்குப் போகாமல் அடுக்களைக்குப் போய், ஈரல் டப்பா இருந்த அலமாரியின் முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு தவறை மட்டும் எல்லோரும் செய்கிறார்கள்: பயப்படும் ஆளிடமே பிஸ்கட்டைக் கொடுத்து, “நீங்களே கொடுங்கள், பழகிவிடும்” என்பார்கள். நாய் ஆசையால் அருகில் வருகிறது, தின்கிறது. தின்று முடித்து நிமிரும்போதுதான் எவ்வளவு அருகில் வந்துவிட்டோம் என்று உணர்கிறது. அந்த நொடியில் ஆள் கையை அசைத்தால் கடி. அவர் கொடுத்தே தீர வேண்டுமென்றால், துண்டை நாயைத் தாண்டி, அதன் பின்பக்கம் விழும்படி வீசட்டும். தீனி வாங்க நாய் அவரைவிட்டு விலகிப் போக வேண்டும். திரும்பி வருவதும் வராததும் அதன் விருப்பம்.

இனி பெரியப்பா. கடிபட்டவர் அவர், நாயோடு அவர் சமாதானமாகியே ஆக வேண்டுமென்று யாரும் அவரை வற்புறுத்தக்கூடாது. அடுத்த சில வருகைகளில் இருவரும் சந்திக்கவே வேண்டாம். அவர் புறப்படும்போதே தொலைபேசியில் சொல்லட்டும். நாயை நடத்திக் கூட்டிவந்து, படுக்கையறையில் மின்விசிறியும் வானொலியும் ஓட, மென்று கொண்டிருக்க ஏதாவது கொடுத்து, தாழிட்டு வையுங்கள். பெரியப்பா குரல் கேட்கும்போதெல்லாம் ஒருவர் உள்ளே போய் இரண்டு துண்டு போட்டுவிட்டு வந்தால் அதுவே பயிற்சி. அவர் விரும்பினால், ஒரு மாதம் கழித்து முதல் சந்திப்பு தெருவில் நடக்கட்டும்: இருவரும் ஒரே திசையில், ஐந்தாறு மீட்டர் இடைவெளியில், பக்கவாட்டில், பேசாமல் நடப்பது. அவர் நாயைப் பார்க்கவோ கூப்பிடவோ குனியவோ வேண்டாம். வீட்டுக்குள் வரும் நாளில் நாய் கயிற்றில், தடுப்புக் கதவுக்கு அப்பால். எழுவதற்கு முன் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் துண்டைத் தூர வீசியபின் அவர் எழலாம். பயந்த நாய்கள் பெரும்பாலும் ஆள் எழும்போதும் முதுகைத் திருப்பும்போதும்தான் கடிக்கின்றன. சோபாவில் நடந்ததும் அதுவே. பெரியப்பாவைவிட எனக்கு அச்சம் தரும் விருந்தாளி வேறொருவர்: “எனக்கு நாய்கள் பழக்கம், என்னை ஒன்றும் செய்யாது” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி வருகிறவர். அவருக்காகவே படுக்கையறைக் கதவுக்குத் தாழ் இருக்கிறது.

மகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். நாய் அவளிடம் எவ்வளவு குழைந்தாலும், கயிற்றை அவள் கையில் கொடுத்து வெளியே அனுப்பாதீர்கள்; விருந்தாளி இருக்கும்போது நாயைக் கட்டிப்பிடித்துச் சமாதானப்படுத்த அவள் முயலக்கூடாது. பயத்தில் பாயும் நாய் குறுக்கே இருப்பவர் கையையும் கடிக்கும்.

வாய்க்கூடு போடுவதைப் பலர் அவமானமாக நினைக்கிறார்கள். களத்தில் கதிர் மிதிக்கும் பிணையல் மாட்டுக்கு வாய்க்கூடு கட்டிப் பார்த்த தலைமுறைக்கு இதில் புதுமை ஏதுமில்லை. கூடைபோலக் கம்பியாலோ நெகிழியாலோ ஆனது, நாய் வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தருவதாக இருக்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை சென்னை வெயிலில் ஆபத்தானது. நாய் வெப்பத்தைத் தணித்துக்கொள்வதே இரைத்துத்தான். அதையும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். உள்பக்கம் தயிர் தடவி, நாயே மூக்கை நுழைத்து நக்கும் விளையாட்டாக இரண்டு மூன்று வாரம் நடந்தபின் வாரைப் பூட்டுங்கள்.

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும், வீட்டில் எந்நேரமும் நாய் விறைப்பாகவே இருந்தால், ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் துள்ளி எழுந்தால், மருந்தைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் பேசலாம். மனிதர்களின் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவை நாய்களுக்கும் தரப்படுகின்றன. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம்வரை ஆகும், பயிற்சியோடு சேர்ந்தால்தான் பயன். அவை நாயை மயக்கிப்போடும் மாத்திரைகள் அல்ல. கற்கும் அளவுக்கு மனத்தை இறக்கித் தருபவை.

எவ்வளவு தேறும் என்று கேட்டால், நாய் நடத்தை வல்லுநரான இயன் டன்பார் கடிகளை ஆறு படிகளாக வகுத்திருப்பதை ஒட்டிச் சொல்லலாம். ஒரே கடி, நான்குக்கு மேற்படாத பற்குறிகள், கோரைப்பல்லின் நீளத்தில் பாதிக்கு மேல் எதுவும் ஆழம் இல்லை என்றால் அது மூன்றாம் படி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் நாய் அங்கே நிற்கிறது. ஏற்பாடுகளை வீட்டார் விடாமல் கடைப்பிடித்தால் தேறக்கூடிய நிலை. நான்காம் படியில், அதாவது ஆழமாகக் கவ்வி உலுக்கும் கடியில், இந்த நம்பிக்கையை நான் தரமாட்டேன். தேறினாலும், பெரியப்பாவின் காலடியில் சுருண்டு படுக்கும் நாயை எதிர்பார்க்காதீர்கள். அவர் வந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் பாயில் போய்ப் படுத்துக்கொள்ளும் நாய் கிடைத்தால் அதுவே முழு வெற்றி. அதற்கு ஆறு மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம்.

மாமியார் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். நாளெல்லாம் ஆள் வந்துபோகும் வீடு, கதவைச் சாத்த மறக்கும் சிறு குழந்தைகள், வாய்க்கூட்டுக்கோ தடுப்புக் கதவுக்கோ இணங்காத பெரியவர்கள் என்றால், அந்த நாய்க்கு அந்த வீடு பொருந்தவில்லை என்று ஒப்புக்கொள்வது குற்றமன்று. காப்பகத்திடம் கடி நடந்ததை மறைக்காமல் சொல்லி, ஆள் நடமாட்டம் குறைந்த வீடு தேடச் சொல்லலாம். தெருவில் கொண்டுபோய் விடுவது மட்டும் தீர்வல்ல. பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வைத்துக்கொள்வதானால் மாநகராட்சி உரிமத்தையும் ஆண்டுத் தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள். கடிக்கும் நாய் என்று தெரிந்தும் கவனக்குறைவாக விட்டால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வழியிருக்கிறது.

இந்த வாரத்துக்கு மூன்று வேலை மட்டும்: பெரியப்பாவின் ஊசி, தடுப்புக் கதவு, அந்த நோட்டு. காவலாளியிடம் இப்போதே நாயைக் கூட்டிப்போக வேண்டாம். தனியாகப் போய், அடுத்த வாரத்திலிருந்து மாலை ஐந்து நிமிடம் வாயிலருகே இங்கும் அங்கும் நடக்க முடியுமா, நாயைக் கண்ணுக்குக் கண் பார்க்காமல் இருக்க முடியுமா என்று கேட்டு வையுங்கள். நோட்டில் ஏழு நாள் பதிவு சேர்ந்தபின் எழுதுங்கள்; தொடங்க வேண்டிய தொலைவை அதை வைத்துச் சொல்கிறேன்.